மார்ட்டின் பெக்குக்கு இன்னிக்கு வயிறு எப்படி?

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய பழைய ஆங்கில நாவலில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. எனக்கு அரக்கோணத்தில் வீடு, சென்னையில் வேலை. லோக்கல் வண்டியில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காலையில் வண்டி அரக்கோணத்திலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். கையில் ஒரு புத்தகம் இருந்தால் திருவள்ளூர் போனதே தெரியாது. அதற்காக எடுத்த புத்தகம்தான் அது. ஸ்வீடன் நாட்டுப் போலீஸ் நாவல். மாய் ஷோவால், பேர் வாலூ என்ற இருவர் சேர்ந்து எழுதியது. விசாரிக்கிற அதிகாரியின் பெயர் மார்ட்டின் பெக்.

முடித்த பிறகுதான் இந்த வரிசையைப் பற்றித் தேடிப் பார்த்தேன். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் வந்திருக்கின்றன. என் கையில் கிடைத்தது 1974ல் வந்த ஒன்பதாவது. முதல் நாவலில் பிடிபட்ட கொலைகாரன் வெளியே வந்து அதில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் காணாமல் போகிறாள், எல்லோருக்கும் அவன் மேல்தான் சந்தேகம். அதாவது முதல் நாவலைத் தொடுவதற்கு முன்பே அதன் முடிச்சு எனக்கு அவிழ்ந்துவிட்டது.

அதனால் முதல் வேலையாகச் சொல்கிறேன்: இந்த வரிசையை ஒன்றிலிருந்து படியுங்கள். சில துப்பறியும் வரிசைகளை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், துப்பறிகிறவர் எந்தப் புத்தகத்திலும் அதே வயதில் அதே சட்டையோடு இருப்பார். இது அப்படிப்பட்டதில்லை. இதில் ஆட்களுக்கு வயதாகிறது, கல்யாணம் முறிகிறது, ஒருவர் வேலையை விடுகிறார், ஒருவர் செத்துப்போகிறார். இரண்டு ஆசிரியர்களும் பத்தையும் சேர்த்து ஒரே பெரிய நாவலாகத்தான் திட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயம், மொத்தம் முந்நூறு. 'ஒரு குற்றத்தின் நாவல்' என்று முழு வரிசைக்கும் ஒரு பொதுப்பெயரும் வைத்தார்கள்.

சரி, கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு முதல் நாவலில் என்ன சுவாரசியம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இ-புத்தகமாக வாங்கினேன். இரவு பத்து மணிக்கு எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றே முக்கால். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும், அப்படியும் வைக்க மனசு வரவில்லை. எனக்கு அது உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. யார் செய்தான் என்கிற கேள்விதான் நம்மைக் கட்டிப்போடுகிறது என்றால் என்னைக் கட்டிப்போட எதுவுமே இருந்திருக்கக் கூடாது. அப்படியானால் என்னைப் பிடித்து வைத்தது வேறு எதுவோ.

அந்த முதல் நாவலின் பெயர் ரோஸான்னா. ஜூலை மாதம் எட்டாம் தேதி மதியம், ஸ்வீடனில் யோத்தா கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்குகிற மதகுத் தொட்டி ஒன்றில் தூர்வாரும் இயந்திரம் ஒரு பெண்ணின் உடலை மேலே கொண்டுவருகிறது. உடம்பில் துணி இல்லை, நகை இல்லை, பெயர் இல்லை. மொத்தாலா என்கிற சிறிய ஊர். உள்ளூர் போலீஸுக்கு உதவியாக ஸ்டாக்ஹோமில் இருந்து மார்ட்டின் பெக் வருகிறார். அப்புறம் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் நடப்பதில்லை. அந்தப் பெண் யார் என்று தெரியவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. அவள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்து சுற்றுலா வந்தவள். அவள் போன படகில் மொத்தம் எண்பத்தைந்து பேர். உலகத்தின் பல மூலைகளுக்குக் கலைந்து போய்விட்ட அந்தப் பயணிகளிடம் விடுமுறையில் எடுத்த புகைப்படங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். ஓரத்தில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், அவள் நிற்கிறாளா என்று ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார்கள். இணையம் இல்லை, கைபேசி இல்லை. எல்லாம் தபால்தான்.

இந்தக் காத்திருப்பை எழுதியிருக்கிற விதத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த தபாலில் என்ன வரும் என்று மார்ட்டின் பெக்கோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன். அவருக்குப் பெரிய மூளைத் திறமை எதுவும் கிடையாது. வயிற்றில் எப்போதும் தொந்தரவு. காபி ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் குடிப்பார். ஜலதோஷம் பிடித்துக்கொண்டே இருக்கும். கூட்டமான சுரங்க ரயிலில் நின்றால் குமட்டும். வீட்டில் மனைவியோடு பேச்சு குறைந்துவிட்டது, இரவில் உட்கார்ந்து மாதிரிக் கப்பல் செய்வார். ஆனால் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணை மட்டும் விடமாட்டார். வழக்கை மூட்டை கட்டி வைக்க நூறு காரணம் இருந்தும் வைக்கமாட்டார். இந்த ஒன்றுதான் அவரிடம் இருக்கிற சக்தி. ஆசிரியர்கள் அவரை ஒருபோதும் வெறும் பெக் என்று எழுதுவதில்லை, ஒவ்வொரு இடத்திலும் மார்ட்டின் பெக் என்று முழுப் பெயர்தான். நாலைந்து புத்தகம் போனதும் நமக்கும் பெயரைச் சுருக்கத் தோன்றாது.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். நெடுநாள் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தார். அவருக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். மாதம் நாலு பாக்கெட் நாவலாவது தீர்த்துவிடுவார். கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை மங்கிய பிறகு படிப்பது நின்றுபோனது. அம்மா போனதிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. நான் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் 'வண்டி லேட்டா?' என்பார், அதோடு சரி.

ஒருநாள் இட்லி ஊற்றி வைத்துவிட்டு, சும்மாதான், 'அப்பா, ஒரு கால்வாய்ல ஒரு பொம்பள பிரேதம் கிடைக்குது, யாருன்னே தெரியலை' என்று ஆரம்பித்தேன். அப்பா தலையைத் திருப்பினார். 'உடம்புல அடையாளம் எதுவும் இல்லையா?' இல்லை என்றேன். 'அப்போ சந்தேக மரணம்னு எங்க காலத்து 174வது பிரிவுல கேஸ் போட்டுட்டு, போட்டோ எடுத்து எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பணும். அதைத்தான் பண்ணுவாங்க. வேற ஒண்ணும் பண்ண முடியாது.' அதைத்தான் செய்தார்கள் என்றேன். அப்பாவுக்குத் திருப்தி. 'எழுதினவங்களுக்கு வேலை தெரிஞ்சிருக்கு' என்றார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பயணிகளின் புகைப்படங்களைத் தேடுகிற கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பணியில் இருந்தபோது ஓர் ஏரி மதகில் இப்படி ஒரு பெண் கிடைத்தாளாம். இருந்த ஒரே தடயம் ஜாக்கெட்டின் உள்பக்கம் பாதி கிழிந்த தையல்கடை லேபிள். அதில் கடைசி மூன்று எழுத்து மட்டும் தெரிந்தது. அந்தத் துண்டை ஒரு காக்கி உறையில் போட்டுக்கொண்டு அப்பா தையல்கடை தையல்கடையாகப் போயிருக்கிறார். இரண்டரை மாதம். மற்ற வேலைக்கு நடுவில், கிடைத்த நேரத்தில், பஸ்ஸில். கடைசியில் ஒரு தையல்காரர் தையலைப் பார்த்தே 'இது என் கைதான் சார்' என்றாராம். 'பேர் தெரிஞ்ச அன்னிக்குத்தான்மா எனக்குத் தூக்கம் வந்துச்சு. பேர் தெரியாம இருக்கிற வரைக்கும் அது நம்ம வீட்டு ஆள் மாதிரி.' முப்பத்தாறு வருஷத்தில் இந்தக் கதையை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. அம்மாவிடம் சொல்லியிருப்பாரா என்பதும் தெரியாது.

அதிலிருந்து தினமும் எனக்கு இரண்டு வேலை. வண்டியில் படிப்பது, வீட்டில் சொல்வது. அப்பா வழக்கைப் பற்றி முதலில் கேட்கமாட்டார். நான் செருப்பைக் கழற்றும்போதே 'அவருக்கு இன்னிக்கு வயிறு எப்படி?' என்பார். ஒரு துப்பறியும் வரிசை ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது என்று என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியைத்தான் காட்டுவேன். வழக்கு ஒவ்வொரு புத்தகத்தோடும் முடிந்துவிடுகிறது. வயிற்றுவலி முடிவதில்லை. வழக்கைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு நாவலை எடுக்கிறோம், அடுத்த நாவலை எடுப்பது மனுஷன் எப்படி இருக்கிறார் என்று பார்க்க.

நான்காவது நாவலில் ஒரு கிறிஸ்துமஸ் வருகிறது. 1967 நவம்பரில் மழை பெய்கிற ஒரு ராத்திரி, ஸ்டாக்ஹோமில் ஒரு மாடி பஸ்ஸுக்குள் ஒன்பது பேர் சுடப்படுகிறார்கள். அதில் ஒருவன் மார்ட்டின் பெக்கின் கீழ் வேலை செய்த இளைஞன். அவன் அந்த பஸ்ஸில் ஏன் போனான் என்பதுதான் கதை. வாரங்கள் போகின்றன, துப்பு துலங்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மகள் அப்பாவுக்கு ஒரு இசைத்தட்டு பரிசளிக்கிறாள். ஒரு போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிற பழைய பாட்டு. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவருக்கு மட்டும் உதடு அசையவில்லை. மகள் அவர் முகத்தைப் பார்க்கிறாள். இதை நான் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் படித்தேன். தீபாவளி அன்றைக்குப் பந்தோபஸ்து முடிந்து மத்தியானம் வந்து, நாங்கள் வெடிக்கிறதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அந்த நாவலுக்கு 1971ல், குற்றக் கதைகளுக்கு அமெரிக்காவில் தருகிற எட்கர் விருது கிடைத்தது. ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்று யாராவது அடம் பிடித்தால் இதைத்தான் கொடுப்பேன்.

இனி நான் கையாண்ட சில வழிகள். முதலில் பெயர்கள். ஸ்வீடன் பெயர்கள் நம் காதுக்குப் புதிது. முதல் ஐம்பது பக்கத்தில் கோல்பெரி யார், மெலாண்டர் யார் என்று குழம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் பெயரும் பக்கத்தில் ஒரே ஒரு பழக்கமும் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். கோல்பெரி: குண்டு, சாப்பாட்டுப் பிரியர், துப்பாக்கி எடுக்கமாட்டார். மெலாண்டர்: பைப், அபார ஞாபகம், தேடினால் கழிப்பறையில் இருப்பார். குன்வால்ட் லார்சன்: ஆறடிக்கு மேல், விலை உயர்ந்த உடை, முரடு. ரோன்: சிவந்த மூக்கு. பதவி எழுதினால் மறந்துவிடும், பழக்கம் எழுதினால் மறக்காது. நான்காவது நாவலுக்குப் பிறகு அந்தச் சீட்டே தேவைப்படவில்லை.

அடுத்தது தூக்கம். முதல் வாரம் இரண்டு மணி வரைக்கும் படித்துவிட்டு அலுவலகத்தில் கணக்கில் தப்பு விட்டேன். அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்துவதுதான் தவறு என்று பிறகு புரிந்தது. அங்கேதான் அடுத்ததற்குத் தள்ளுகிற மாதிரி ஒரு வரி வைத்திருப்பார்கள். அத்தியாயத்தின் நடுவில், இரண்டு பேர் பேசிக்கொண்டே டீ குடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினால் மனசு அடங்கும். அதோடு நாளைக்கு மூன்று அத்தியாயம், வண்டியில் மட்டும் என்று கணக்கு வைத்தேன். முப்பது அத்தியாயம் என்பதால் பத்து வேலை நாளில் ஒரு நாவல் சரியாக முடிந்தது. அப்பாவும் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி, 'ரெண்டு நாள் லீவா அவங்களுக்கு?' என்பார்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதுகிறவர்கள் நாவலை முடித்துவிட்டவர்களிடம் பேசுகிற மாதிரிதான் எழுதுவார்கள்.

மூன்றாவது நாவலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பூங்காக்களில் விளையாடப் போகிற சிறுமிகள் கொல்லப்படுகிற கதை. குரூரத்தை விவரிக்கவில்லை, அப்படியும் தாங்கவில்லை. அதை ராத்திரியில் படிக்காதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், அடுத்த நாவலுக்குக் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அதன் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. யாரோ ஒரு பெண் சம்பந்தமில்லாமல் எதையோ புகார் சொல்கிறாள், எடுத்தவர் எரிச்சலோடு பேசி வைத்துவிடுகிறார். அப்பா இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். 'எல்லா ஸ்டேஷன்லயும் இப்படி ஒரு போன் இருக்கும்மா' என்று மட்டும் சொன்னார்.

இந்த வரிசையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. இரண்டு ஆசிரியர்களும் இடதுசாரிகள். நலவாழ்வு அரசு என்று பேர் வாங்கிய தங்கள் நாடு ஏழையையும் முதியவரையும் எப்படிக் கைவிடுகிறது என்று காட்டத்தான் போலீஸ் கதையையே எடுத்தார்கள். முதல் சில நாவல்களில் அது கதைக்குள் கரைந்து இருக்கிறது. ஆறாவதற்குப் பிறகு கோபம் மேலே வந்துவிடுகிறது. எட்டாவதிலும் பத்தாவதிலும் ஆசிரியர்களே நேரடியாகப் பேசுகிற பக்கங்கள் உண்டு. அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்த நாவல்களே இல்லை.

அப்பாவின் வருத்தம் வேறு. ரோந்துக் காரில் வருகிற கிறிஸ்தியான்சன், குவாண்ட் என்ற இரண்டு கான்ஸ்டபிள்களை ஆசிரியர்கள் சோம்பேறிகளாக, எதைத் தொட்டாலும் கெடுப்பவர்களாகக் காட்டுகிறார்கள். அந்த பஸ்ஸுக்குள் முதலில் ஏறி, தடயங்களை மிதித்துக் கலைப்பவர்கள் அவர்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவுக்கு வரவில்லை. 'முதல்ல போறவன் அவன்தான். ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்கும் கை நடுங்கும். எப்படி நிக்கணும்னு அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க? மேல இருக்கிறவருக்கு மட்டும் வயித்துவலி, கீழ இருக்கிறவனுக்கு ஒண்ணும் கிடையாதா?' நான் படித்த எந்த மதிப்புரையிலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. ஏழாவது நாவல் முடிந்த பிறகு அப்பா அந்த இருவரைப் பற்றி அப்படிப் பேசவில்லை. காரணத்தைச் சொன்னால் கதையைச் சொன்னது மாதிரி ஆகிவிடும்.

எட்டாவதில் ரியா என்ற பெண் வருகிறாள். அதற்குள் மார்ட்டின் பெக் மனைவியைப் பிரிந்து தனியாக இருக்கிறார். ரியா கதவைத் திறந்து வைத்திருக்கிற ஆள், யார் வந்தாலும் சமைத்துப் போடுவாள். நான் அவளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா 'இனிமே வயிறு சரியாயிடும் பாரு' என்றார்.

எழுதியவர்கள் இருவரும் கணவன் மனைவி மாதிரி சேர்ந்து வாழ்ந்தவர்கள். ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மேசையின் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். எது யார் எழுதியது என்று என்னால் ஒரு இடத்திலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பத்தாவது நாவல் வெளிவந்த 1975லேயே பேர் வாலூ இறந்துபோனார். மாய் ஷோவால் 2020 வரை இருந்தார், ஆனால் மார்ட்டின் பெக்கை வைத்து இன்னொரு நாவல் எழுதவில்லை.

அந்தப் பத்தாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் வண்டியில் படிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்ட பிறகு அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கொலை வழக்கெல்லாம் முடிந்துவிட்டது. கோல்பெரி வீட்டில் மார்ட்டின் பெக், ரியா, கோல்பெரி, அவர் மனைவி நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டம் போட்டு எழுத்து நிரப்புகிற ஒரு விளையாட்டு. பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். அங்கேயே நாவலும் முடிகிறது, வரிசையும் முடிகிறது.

அப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அந்த அம்மா அப்புறம் தனியா உக்காந்து எழுதவே இல்லையா?' என்றார். இல்லப்பா என்றேன். 

'எதிர்ல ஆள் இல்லாம எப்படி எழுதுவாங்க' என்று அவரே சொல்லிக்கொண்டார். எழுந்து போகப் போனவர் நின்று, 'அந்த ஆட்டத்துல யார் ஜெயிச்சது?' என்று கேட்டார்.

புத்தகத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். புதிதாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், கோல்பெரி முதல் எழுத்தைச் சொல்கிறார்.

'இன்னும் ஆடலப்பா. இப்பத்தான் ஆரம்பிக்கிறாங்க.'